பின்னங்கால்

தமிழில் இதுவரை எடுத்த படங்களிலும் இனி எடுக்கப்போகும் படங்களிலும் மிக மட்டமானது ‘பூசணி மகாராஜா’தான் என்று ஜம்புலிங்கம் கல்லூரி மலரில் எழுதியிருந்தான்.

இனி எடுக்கப்போகும் படங்களை எப்போது பார்த்தான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

படத்தில் வரி கேட்டால் பாட்டு, வயிறு வலித்தால் பாட்டு. ராஜாவுக்குப் பூசணிக்காய்தான் கிரீடம். கல்யாண ஊர்வலத்தில் ஒரு துணி யானை ஆடும். முன்னங்கால் ஒரு தாளம், பின்னங்கால் ஒரு தாளம்.

அந்தப் பின்னங்கால் பஞ்சாட்சரம். ஜம்புலிங்கத்தின் நைனா.

வாலிபத்தில் மெட்ராசுக்கு ஓடிப்போய், ஸ்டுடியோவில் ஒரு நாள் துணிக்குள் குனிந்தவர். உள்ளே பாட்டு சரியாகக் கேட்கவில்லையாம். வீட்டில் தறி மிதிக்கிற கணக்கிலேயே மிதித்துவிட்டாராம். திருத்தணி டென்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வரும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டு, பின்னங்கால் ரெண்டும் நம்மது என்பார்.

ஜம்புலிங்கம் அதையும் எழுதினான். மூஞ்சி தெரியாத வேஷத்துக்கு யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடலாம் என்று முடித்திருந்தான். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

சலூனில் யாரோ நைனாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது மெட்ராஸ் பத்திரிகைகள் ‘பூசணி மகாராஜா’வைக் காலத்தை முந்திய படம் என்கின்றன. அந்தப் பின்னங்கால் தாளம் தப்புகிற இடம்தான் படத்தின் உயிர் என்று ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். முதலிலிருந்தே தன் கருத்தும் அதுதான் என்று ஜம்புலிங்கம் ஹாஸ்டலில் சொல்லிக்கொண்டான்.

படம் மறுபடி கொட்டகைக்கு வந்தது. வரமாட்டேன் என்ற நைனாவை அவன்தான் இழுத்து வந்தான். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார வைத்தான்.

யானை வந்ததும் கொட்டகையே கைதட்டியது.

முன்னால் இருந்த சோடாக்கடை துளசிங்கம் திரும்பினார். பேப்பரிலெல்லாம் வந்திருக்கிறதே, அது நீங்கள்தானே என்று மரியாதையாகக் கேட்டார்.

“அது நான் இல்லீங்க. அப்ப சும்மா சொல்லிகினு இருந்தேன். மூஞ்சியா தெரியுது?”

ஜம்புலிங்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துளசிங்கம் சிரித்தபடி திரும்பிக்கொண்டார். பீடி பிடித்துவிட்டு வருவதாக நைனா எழுந்து போனார்.

திரையில் யானை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், நைனா கால் வைத்திருந்த இடம் தெரிந்தது. மணல் இரண்டு குழியாக மிதிபட்டிருந்தது.

ஜம்புலிங்கத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒருவர் இருந்தார். முன்பின் பார்த்திராத ஆள்.

மெல்ல அவர் தோளைத் தொட்டான்.

“பின்னங்கால் ரெண்டும் எங்க நைனாவுதுங்க.”

அந்த ஆள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.