இருந்தால்

"போடுடா கையெழுத்தை. மத்தியானத்துக்குள்ள நான் இதைக் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்று தம்பியிடம் சொன்னாள் வெர்லீன்.

நோட்டரி ஒடெஸாவுக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் முப்பது வருஷமாகப் பத்திரங்களுக்கு முத்திரை குத்துகிறவள் அவள். கூடப் பிறந்ததுகளை ஏய்க்கிற அக்காமார் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்!

விஷயம் இதுதான். புயலில் வெர்லீன் குடியிருக்கும் வீட்டின் கூரை போய்விட்டது. எட்டு மாதமாக நீலத் தார்ப்பாய்க்குக் கீழேதான் குடித்தனம். அரசாங்கம் கூரை போட்டுத் தரத் தயார். ஆனால் வீடும் தோப்பும் இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயரிலேயே கிடந்தன. மற்ற பிள்ளைகள் எல்லாரும் வெர்லீனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும்.

இரண்டு தம்பிகள் போன வாரமே வந்து போட்டுவிட்டுப் போனார்கள். மிச்சம் கடைக்குட்டி ஏமஸ். சவானாவில் லாரி ஓட்டுகிறவன். அக்கா கூப்பிட்டாள் என்று நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான்.

ஒடெஸா வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். வீடு, அதைச் சுற்றி எட்டு ஏக்கர் பீக்கன் கொட்டை மரத் தோப்பு.

"போட்டா போட்டதுதான் தம்பி. நாளைக்கு மனசு மாறிடுச்சுன்னு வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும், மிஸ் ஒடெஸா."

"ரெண்டு நாள் பொறுத்துக்கோயேன். எதிர்லதான் கோர்ட்டு, பத்திரப் பதிவெல்லாம் அங்கதான். வாரிசு விவரம் எடுத்து, வில்லங்கமும் பார்த்துடலாம். வீட்டை அக்காவுக்கு எழுதிக் குடு, தோப்புல உன் பங்கை நிறுத்திக்கோ."

வெர்லீன் விருட்டென்று நிமிர்ந்தாள். "யாரும் எதையும் தோண்ட வேண்டாம். வில்லங்கமும் வேண்டாம், விவரமும் வேண்டாம். இன்னிக்கே போட்டாகணும்."

சரியான பேராசைக்காரி என்று ஒடெஸா முடிவே கட்டிவிட்டாள். ஏதோ சாக்குச் சொல்லி, காரிலிருந்து லைசென்ஸை எடுத்து வரும்படி அவளை வெளியே அனுப்பினாள். கதவு சாத்தியதுமே ஏமஸ் பக்கம் குனிந்து, அக்கா மிரட்டுகிறாளா, பயப்படாமல் சொல் என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். அப்புறம் பத்திரத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தான்.

"'இந்தச் சொத்தில் எனக்கு ஏதேனும் உரிமை இருந்தால்.' இருந்தால்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா. இந்தப் பத்திரமே அப்படித்தான். உரிமை இருக்குன்னு நீ சத்தியம் பண்ணலை. இருந்தா விட்டுட்டேங்கிறே, அவ்வளவுதான்."

"ஒண்ணுமே இல்லாதவன் போட்டா?"

"தாராளமாப் போடலாம். அந்தக் கோர்ட்டுக் கட்டடத்தையே உனக்கு நான் இப்படி எழுதித் தரலாம். உனக்குத்தான் ஒரு செங்கல்கூடக் கிடைக்காது."

"அப்போ பொய்க் கையெழுத்து ஆகாது" என்று தலையாட்டிக்கொண்டான். சர்ச்சில் டீக்கனாக ஊழியம் செய்கிறவனாம், பொய்க்குப் பயம்.

பாவம், அக்கா தன்னை ஒன்றுமில்லாதவனாக ஆக்கிவிட்டதைத்தான் இப்படிக் குத்திக் காட்டுகிறான் என்று ஒடெஸாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

வெர்லீன் திரும்பி வந்தாள். பக்கத்துக் கடையில் முடிவெட்டுகிறவர் சாட்சிக்கு வந்தார். ஏமஸ் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ரோட்டோரத்தில் அவித்த கடலை விற்கிறதே, வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். சாட்சிக்காரரும் போய்விட்டார்.

ஒடெஸாவால் வாயை அடக்க முடியவில்லை. "கூடப் பிறந்தவனுக்கு ஒரு மரத்தைக்கூட விட மனசு வரலையா உங்களுக்கு?"

வெர்லீன் கோபப்படவில்லை. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கூடப் பிறக்கலை, மிஸ் ஒடெஸா. மூணு மாசக் குழந்தையா அவனை எங்க வீட்ல விட்டுட்டுப் போன பெத்தவ, திரும்பி வரவே இல்லை. அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு. என் இடுப்புலதான் வளர்ந்தான். அம்மாவும் அப்பாவும் தத்துன்னு ஒரு பேப்பரும் எழுதி வைக்கலை. நீங்க வாரிசு விவரம் எடுத்திருந்தா அவன் பேரே வந்திருக்காது."

ஒடெஸா பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். "அப்படின்னா அவன் கையெழுத்தே தேவையில்லையேம்மா?"

"தேவையில்லைதான். ஆனா மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுட்டு அவனை மட்டும் விட்டா, ஏன்னு கேட்பானே? நான் என்னத்தைச் சொல்ல? எங்க வீட்ல நாங்க நாலு பேர். பத்திரத்துலயும் நாலு பேரா இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு இது தெரியாது. எந்தக் காலத்துலயும் தெரியவும் கூடாது. நீங்க சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று ஒடெஸா சத்தியம் செய்து கொடுத்தாள். இந்தப் பெண்ணைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. முத்திரையை அழுத்திப் பத்திரத்தை நீட்டினாள்.

கடலைப் பொட்டலத்தோடு ஏமஸ் வந்தான். "சூடா இருக்கு, பார்த்து" என்று அக்கா கையில் கொடுத்து, அவளை முன்னால் போகச் சொன்னான். அவள் காரில் ஏறுகிற வரைக்கும் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நான் உங்ககிட்ட கேட்டதை அக்காகிட்ட சொல்லிடாதீங்க, மிஸ் ஒடெஸா. எனக்குத் தெரியாதுன்னே நினைச்சுட்டிருக்கா."