அழிரப்பர்

வெம்பக்கோட்டை நூலகத்துக்கு அழகுமீனா மாற்றலாகி வந்ததிலிருந்து, தவறாமல் நாவல் எடுப்பவர் முனியராஜ் ஒருவர்தான்.

"பேய்க்கதை எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"பயமே வரலை மேடம். செத்தவ வீட்டுக்குத் திரும்பி வாறா. அதுல பயப்பட என்ன இருக்கு?"

"துப்பறியும் நாவல்?"

"யாரால செத்தாங்கன்னு கடைசியில கண்டுபிடிச்சிருதாக. கதையிலதான் அப்படி நடக்கும்."

"இந்தச் சிரிப்பு நாவல்? எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு."

"முழுசும் படிச்சேன். எந்த இடத்துல சிரிக்கணும்னு தெரியலை."

எதுவுமே பிடிக்காதவர் எதற்குப் படிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. போதாததற்கு, அவர் திருப்பித் தரும் புத்தகங்களில் எல்லாம் பட்டாசு மருந்தின் சாம்பல் நிற விரல் தடங்கள்.

"கையைக் கழுவிட்டுப் படிங்க அண்ணாச்சி. அலமாரியிலயும் நிறைய புத்தகத்துல இதே கறை. நேத்துதான் உக்காந்து அம்புட்டையும் ரப்பர் வச்சு அழிச்சேன்."

முனியராஜ் அலமாரிக்குப் போனார். ஒரு நாவலைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அதற்குள் அவள் சிரிப்பு நாவலை விரித்து ரப்பரை எடுத்திருந்தாள்.

"அதை மட்டும் விட்ருங்க மேடம்."

"ஏன்?"

"நான் சிமெண்டு ஆலையில வேலை பாக்கேன். அது எங்க வீட்டுக்காரி கை. பட்டாசுக் கம்பெனியில இருந்து வந்ததும் வராததுமா புத்தகத்தோட உக்காந்துருவா. போன வருசம் வெடிவிபத்துல போயிட்டா. அந்தத் தடம் இருக்கிற புத்தகமாப் பாத்துத்தான் எடுத்துட்டுப் போவேன்."

அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"இனி எதை எடுக்கன்னு தெரியலை."