இன்னொரு ஜோடிச் சக்கரம்

ஞாயிறுதோறும் மாமல்லபுரம் வரை மிதிக்கும் நரசிம்மன், தன் ரேஸ் சைக்கிளுக்கு மாற்றுச் சக்கரம் பார்க்கப் புதுப்பட்டினம் கடைக்குக் கிளம்பினார். மனைவி சங்கரியும் கிளம்பினாள். பக்கத்து வீட்டுக்காரி நான் சும்மா இருப்பேனா? கூடவே போனேன்.

"இது வெயிட்டு கம்மி சார், சீக்கிரம் கோணிக்கும். அது கனமா கீது, ரிப்பேருக்கே வராது," என்றார் கடைக்காரர் ஆல்வின்.

"விலை ஜாஸ்தி. அடுத்த மாசம் பார்க்கலாம்," என்று நழுவினார் நரசிம்மன்.

"எனக்குத் தீபாவளிப் புடவை வேண்டாம். கனமானதையே இன்னிக்கே எடுங்க," என்றாள் சங்கரி.

மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் அவள் காதைக் கடித்தேன். "புடவையை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அக்கறையாடி?"

"போன ஞாயிறு சக்கரம் ரிப்பேருக்குப் போயிருந்தது, அக்கா. காலை முழுக்க வீட்டிலேயே இருந்து, சாம்பார் எப்படி வைக்கணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தார்."