வெள்ளிக்கிழமை ஓய்வெடுக்கும் மீன்

"மீனைப் பிடிக்கிறீங்க, முத்தம் கொடுக்கிறீங்க, திரும்பத் தண்ணியில விடறீங்க. இதுக்குப் பேரு—"

"விட்டாத்தானே நாளைக்கும் மீன் இருக்கும், ஃபாக்கி? நீங்க வலையைப் போட்டு வழிச்சு எடுத்துட்டா—"

"என்னை முடிக்க விடுங்க கப்டன். இதுக்குப் பேரு சோத்தோட விளையாடறது."

கொட்டகை ஓரத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கப்டன் டெரெக்கும் சிரித்துவிட்டார். கென்யாக் கரையிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். சுவாஹிலியில் அவரைக் கிண்டல் செய்துவிட்டு அவருக்குப் புரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது. அவருடைய தூண்டில் கிளப்புக்கு வரும் பயணிகள் மீனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். விடும்போது மீனின் முதுகில் ஒரு மஞ்சள் நாடாவைக் குத்துவார்கள். அந்த நாடா எந்த மீனவர் வலையில் வந்தாலும் கிளப்பில் கொடுத்தால் ஒரு சட்டை கிடைக்கும். ஃபாக்கி அன்று போட்டிருந்ததும் அப்படி வந்ததுதான். கிளப்போடு சண்டை போட கிளப் சட்டை.

சண்டை 'வாசலை'ப் பற்றி. பவளப்பாறைக்கு நடுவே ஒரு திறப்பு. ஊரில் நாற்பது வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது. வருஷத்தில் ஆறு மாதம் அங்கே வலை போடக் கூடாது என்கிறது கிளப். மீனவர் குழுவின் தலைவர் ஃபாக்கி கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

"அப்பால நிக்குதே வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல், அதைக் கேட்டீங்களா?" என்றார் ஃபாக்கி.

நாலு கடிதம் போட்டாயிற்று, ஒன்றுக்கும் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டார் டெரெக்.

"அவன் பேச்சைக் கேக்க மாட்டான், நாங்க கேப்போம். அதனால எங்க வாசலைச் சாத்தறீங்க."

டெரெக் கைபேசித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஜனவரியில் ஒரு மயில் மீனுக்கு நாடாவுக்குப் பதிலாகப் புதுக் கருவி ஒன்றைக் குத்தி விட்டாராம். மீன் இருக்கும் இடத்தை அது வானத்துக்குச் சொல்லுமாம். மீனுக்கு ராணி என்று பெயரும் வைத்திருந்தார்.

"எழுபத்தோரு நாள். தினமும் விடியக்காலையில ராணி வாசலுக்குப் போறா. சாயங்காலம் உங்க கரையோரம் வந்துடறா. வெள்ளிக்கிழமை மட்டும் அசையறதே இல்லை. உலகத்துல எந்த மயில் மீனும் இப்படி ஒரே இடத்துல தங்கினதில்லை. இங்க முட்டை போடுது, ஃபாக்கி."

"வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருது போல. பாருங்க, மீன்கூட எங்க ஆளுதான்."

மறுபடியும் சிரிப்பு. டெரெக் மட்டும் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா உங்க ஊர்க்காரங்க யாரும் அவளைத் தொடலை. அதுக்கே நான் நன்றி சொல்லணும்" என்றார்.

ஃபாக்கிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்களுக்கும் கண் இருக்கிறது, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியும் என்றார். சொல்லும்போதே மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. மூன்று வருஷமாக வலை லேசாகத்தான் வருகிறது. படகில் ஆறு பேர், ஒரு ஆளுக்குக் காணும் மீனோடு திரும்புகிறார்கள். வாசலை மூடினால் ஆறு மாதம் பசி. மூடாவிட்டால் அப்புறம் மூடுவதற்கே ஒன்றும் இருக்காது. ராணி ஒருத்தி தங்குகிறாள் என்றால் நாளைக்கு நூறு ராணி வரலாம்.

"கொடுங்க அந்தப் பேனாவை" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மிஷி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். அவர் தினமும் படகில் கொண்டுபோகிற அதே ஓலைக்கூடை. காகிதத்தின் மேல் பேனா இறங்கப் போனபோது டெரெக் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இன்னிக்கு வியாழன்தானே? மணி பதினொண்ணாச்சு. ராணி ஏன் இன்னும் கரையிலேயே இருக்கா?"

கருவி பழுதோ என்று பையில் இருந்த இன்னொன்றை எடுத்து மேஜையில் வைத்தார். விரல் நீளக் கறுப்புக் குழல், நுனியில் மயிரிழை போல ஒரு கம்பி.

மிஷி அதைப் பார்த்தாள். தன் கூடையைப் பார்த்தாள். மூடி திறக்காமல் இருக்க அவள் செருகியிருந்த ஆப்பும் விரல் நீளம், கறுப்பு; நுனியில் கம்பி. மேல்துணியை இழுத்து அதை மூடிக்கொண்டு, கணவன் காதருகே குனிந்தாள்.

"ரெஹேமா அப்பா, ஜனவரியில தேங்காய்ப்பால் ஊத்திச் சமைச்சோமே, அந்த மயில் மீன் முதுகுல இருந்தது இது. மஞ்சள் நாடாவா இருந்தா சட்டைக்குக் கொடுத்திருப்பேன். இன்னிக்குக் கூட்டம்னு நீங்களே கடலுக்குப் போகலை, அப்புறம் ராணி எப்படிப் போவா?"