மூன்று நாள் வேலை

கிணற்றோரத்து ஈச்சமரத்தில் ஆண் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. பாதிக் கூடு ஆனதும் பெண்குருவி வந்து பார்க்கும். பிடித்தால் தங்கும். பெருமழை தொடங்கிவிட்டால் அந்த வருஷம் யாரும் பார்க்க வருவதில்லை.

அங்கே ஒரு குருவிக்குப் பின்னல் அழகாக வரும். ஆனால் யார் கூப்பிட்டாலும் வேலையை விட்டுப் பறந்துவிடும்.

"அண்ணே, அணில் வருது!"

போய் விரட்டியது.

"அண்ணே, என் நாரு கிணத்துல விழுந்துடுச்சு!"

போய் எடுத்துக் கொடுத்தது. திரும்பி வருவதற்குள், அது வைத்துவிட்டுப் போன பச்சை நார் காய்ந்து, மடக்கினால் ஒடிந்தது.

"உன் கூடு என்னய்யா ஆச்சு?" என்றது பக்கத்துக் கிளைக் குருவி.

"நாளைக்கு உட்கார்ந்துடுவேன்."

"நேத்தும் இதைத்தானே சொன்னே?"

"நேத்து நிஜமாவே அவசரம்."

ஒரு காலையில் பெண்குருவி வந்தது. அந்தக் குருவி தொடங்கிவைத்திருந்த கூட்டின் வளையத்தைக் கொத்திப் பார்த்தது.

"இந்த மரத்திலேயே இதுதான் நல்ல பின்னல். மீதி எங்கே?"

"மூணு நாள் வேலைதான். பொறுத்துக்கோயேன்."

"நான் முட்டை வைக்கணும். மேற்கே பாருங்க, எப்படிக் கறுத்திருக்கு!"

அது பக்கத்துக் கிளைக்குப் போனது. அங்கே பின்னல் கோணல். ஆனால் முட்டை வைக்க இடம் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மற்ற குருவிகள் எல்லாம் கூட்டோடு இருந்ததால் யாரும் இந்தக் குருவியைக் கூப்பிடவில்லை. நனைந்தபடியே அது பின்னியது. மூன்றாம் நாள் கூடு முடிந்தது. உள்ளே போய் உட்கார்ந்தது.

இன்னொரு குருவிக்கும் இடம் இருந்தது.