கதவு கிடக்கட்டும்

சாயங்கால வெயிலில் ஓடுபாதை பளபளவென்று எதிரே விரிந்துகொண்டு வருகிறது. மகள் ஓட்டும் குட்டி விமானத்தில், சந்தையில் ஏலம் விடுவதைத் தொழிலாகக் கொண்ட அப்பா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறார். படாரென்று அவர் பக்கத்துக் கதவு கையளவு திறந்துகொள்கிறது. காற்றின் இரைச்சலில் காது அடைக்கிறது. "ஐயோ, கதவும்மா! கதவு!" என்று சந்தையையே அடக்கும் குரலில் கத்துகிறார். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கை சக்கரம் இறக்கும் பிடியைத்தான் கீழே தள்ளுகிறது. அதை மறந்தால் விமானத்தின் வயிறு தரையில் தேய்ந்துவிடும். சக்கரங்கள் இறங்கிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்குகள் எரிகின்றன. "கதவு கிடக்கட்டும்ப்பா. நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க." சக்கரங்கள் பூப்போலத் தரையைத் தொடுகின்றன. பதறி ஓடிவரும் மெக்கானிக்கிடம் அப்பா மீசையைத் தடவிக்கொண்டே சொல்கிறார்: "என் பொண்ணு, என்னையே வாயை மூடச் சொல்லிட்டாய்யா!"