தரையில் விழுந்த தூள்

"ஒரு பொட்டுத் தூள்கூட தரைக்குப் போகக் கூடாது தம்பி. மேசைக்கு அடியில பொருந்துற மாதிரி ஒரு தட்டு அடிச்சுக் குடு."

ராஜதுரை பத்தர் சொன்னதைக் கேட்டதும் தகரவேலை சதீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பலாங்கொடை கடைவீதியில் சொந்தமாக நகைப்பட்டறை வைத்திருக்கிற மனுஷன். தங்கத்தை அராவும்போது உதிர்கிற தூளைக்கூட விடமாட்டேன் என்கிறாரே!

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. மேசையில் விழுந்த தூள் முதலாளிக்கு. தரையில் விழுந்தது கூட்டுகிறவளுக்கு.

தேயிலைத் தோட்டத்தில் வேலை நின்றுபோன பிறகு சுப்பம்மா அதை நம்பித்தான் இருக்கிறாள். தினமும் பட்டறையைக் கூட்டி, குப்பையைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சட்டியில் அலசி, அடியில் தங்குகிற தூளை விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"சுப்பம்மாக்கா பாவம் முதலாளி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"நீ அளவை எடு."

கல்நெஞ்சன்!

"சரி முதலாளி" என்றான் சதீஸ்.

தகரத்தை வெட்டி, ஓரத்தை மடித்து, மூலைகளுக்கு ஈயம் பற்றவைத்தான். பின்பக்கத்து மூலையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டான். தங்கத் தூள் நழுவ அந்த இடைவெளி போதும். பத்தரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த வாரமே பத்தர் தட்டும் கையுமாக வந்து நின்றார்.

"பின்மூலையில ஒழுகுது தம்பி. பத்த வை."

சதீஸுக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் வேணும்னே விட்டேன் முதலாளி! அந்தக் கொஞ்சமாவது அவங்களுக்குப் போகட்டுமே! உங்களுக்கு என்ன குறைச்சல்?"

கத்துவார் என்று நினைத்தான். பத்தர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க தரைய பாத்தியா? மேசைக்கு அடியில பூரா வெடிப்பு. விழுறதுல பாதி உள்ள போயிருது. அவ மண்டி போட்டு, ஊக்கால சுரண்டிக்கிட்டு கிடந்தா. முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு."

"சும்மாவே கொஞ்சம் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேன். 'நான் பிச்சைக்கு வரல முதலாளி, தரையில விழுந்ததுதான் எனக்கு'ன்னுட்டா."

"அப்ப இந்தத் தட்டு?"

"அவ வர்ற நேரம் பாத்து தட்ட வெளிய எடுப்பேன். வாசப்பக்கம் தரை நல்லா இருக்கு. அங்க வச்சுக் கவுத்துருவேன். 'கை தவறிருச்சு சுப்பம்மா, கூட்டிரு'ம்பேன். தினமுமா கை தவறும்னு அவளும் கேக்குறதில்ல."

இப்படியும் ஒரு மனுஷன்! கொடுப்பதைக்கூடக் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமல்...

"என்ன முழிக்கிற? சீக்கிரம் பத்த வை தம்பி" என்றார் பத்தர். "ஒரு வாரமா நீ அவ பங்குலதான் ஓட்டை போட்டு வச்சிருக்க."